இரு இடைநகர்வுகளுக்கு நடுவே: வானியலாளர் லெ ஜான்தியின் வாழ்வும் பணியும்

கியோம் லெ ஜான்தி (1725–1792) என்னும் பிரெஞ்சு வானியலாளரின் பெயர், வானியல் வரலாற்றில் பெரும்பாலும் நற்பேறு வாய்க்காத ஒருவரின் பெயராகவே சொல்லப்பட்டு வருகிறது. சூரிய வட்டத்தை வெள்ளிக் கோள் கடந்து செல்லும் அரிய நிகழ்ச்சியைப் புதுச்சேரியிலிருந்து அளந்து பதிவதற்காக 1760-இல் கப்பலேறிய அவர், 1761-இல் போராலும் 1769-இல் மேகத்தாலும் இரு வாய்ப்புகளையும் இழந்து, பதினோரு ஆண்டுகளுக்கும் மேலாகக் கீழைக் கடல்களில் அலைந்து ஊர் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாகக் கருதிய உறவினர் சொத்தைப் பிரித்துக்கொள்ள முனைந்திருந்தனர். இந்தச் சுருக்கத்தில் பிழை இல்லை. எனினும், இரு தோல்விகளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் செய்த பணிகளை அது மறைத்துவிடுகிறது. அப்பணிகளுள் ஒன்று, தமிழகத்துப் பஞ்சாங்கக் கணிதர்கள் கிரகணத்தைக் கணித்த முறையை நேரில் கற்று, ஐரோப்பிய அறிஞர்கள் ஆராயத்தக்க வகையில் அச்சில் பதிந்தது. நீண்ட நோக்கில் அவருடைய பயணத்தின் பெரும்பயன் அதுவே எனலாம்.

பாரிஸ் வானாய்வகத்தில்

லெ ஜான்தி 1725 செப்டம்பர் 12 அன்று, பிரான்சின் வடமேற்கே நார்மண்டிப் பகுதியில் உள்ள கூத்தான்ஸ் நகரில் பிறந்தார். சமயக் கல்வி பெற்றுத் திருச்சபைப் பணியில் சேரும் எண்ணத்தோடு பாரிசுக்கு வந்தவர், அங்கு ஜோசப் நிக்கோலா தெலில் என்னும் வானியல் பேராசிரியரின் சொற்பொழிவுகளைக் கேட்கத் தொடங்கிய பின் வானியலின் பக்கம் திரும்பினார். அப்போது பாரிஸ் வானாய்வகம், இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய காசினி குடும்பத்தாரின் பொறுப்பில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. அங்கே ஜாக் காசினியிடமும் அவருடைய மகன் காசினி தெ தூரியிடமும் பயிற்சி பெற்ற லெ ஜான்தி, கோணங்களை அளத்தல், கடிகாரத்தைச் சரிபார்த்தல், நாள்தோறும் பதிவேட்டில் குறித்தல் ஆகிய அடிப்படைப் பழக்கங்களில் தேர்ந்தார்.

இருபத்து நான்காம் வயதில், 1749 அக்டோபரில், ஆண்ட்ரமீடா என்னும் பெரிய நெபுலாவுக்கு அருகே மங்கலான சிறிய ஒளித்திட்டு ஒன்றை அவர் கண்டறிந்தார். தொலைநோக்கியில் புள்ளியாக அன்றிப் புகைபோன்ற திட்டாகத் தெரியும் வான்பொருள் எதையும் அக்காலத்தவர் நெபுலா என்றே அழைத்தனர். சார்ல் மெசியே பின்னர் தொகுத்த பட்டியலில் 32 என்னும் எண்ணைப் பெற்ற அத்திட்டு, ஆண்ட்ரமீடாவின் துணையாக விளங்கும் ஒரு சிறு விண்மீன் மண்டலம் என்பதும், அதிலிருந்து புறப்படும் ஒளி புவியை அடைய ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்பதும் இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயின. இத்தகைய பணிகளின் பயனாக 1753-இல் அவர் அரச அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார்.

வெள்ளி இடைநகர்வு ஏன் தேவைப்பட்டது

கோள்கள் சூரியனைச் சுற்ற எடுத்துக்கொள்ளும் காலத்துக்கும் அவற்றின் தொலைவுக்கும் உள்ள தொடர்பைக் கெப்ளர் 1619-இல் வெளியிட்ட விதி நிறுவியிருந்தது. புவிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவை ஒன்று எனக் கொண்டால் வெள்ளியின் தொலைவு ஏறத்தாழ 0.72 என்பன போன்ற விகிதங்களை வானியலாளர் அதனால் அறிந்திருந்தனர். ஆனால் அந்த ‘ஒன்று’ என்பது எத்தனை காதம் என்பது உறுதியாகத் தெரியவில்லை. ஒரே ஓர் உண்மைத் தொலைவை அளந்துவிட்டால் சூரியக் குடும்பத்தின் எல்லாத் தொலைவுகளும் ஒருசேரக் கிடைத்துவிடும் என்ற நிலை, பதினெட்டாம் நூற்றாண்டு வானியலின் தலையாய வினாவாக இதனை ஆக்கியது.

இதற்கு இடமாறு தோற்றம் என்னும் முறை கைகொடுத்தது. கையை நீட்டி ஒரு விரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாறிமாறிப் பார்த்தால், பின்னால் உள்ள சுவரில் விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். கண்களுக்கு இடையே உள்ள தொலைவும் அம்மாற்றத்தின் கோணமும் தெரிந்தால் விரலின் தொலைவைக் கணக்கிடலாம். சூரியனுக்கும் புவிக்கும் இடையே வெள்ளி நேர்கோட்டில் வரும்போது அது சூரிய வட்டத்தின் மீது ஊர்ந்து செல்லும் கரும்புள்ளியாகத் தெரிகிறது. இதனையே வெள்ளி இடைநகர்வு என்பர். புவியில் வெகுதொலைவில் அமைந்த இரு இடங்களிலிருந்து அதனைக் காண்போருக்கு, வெள்ளி சற்றே வேறுபட்ட பாதைகளில் செல்வதாகத் தோன்றுவதால், கடக்கும் நேரமும் வேறுபடும். அந்நேர வேறுபாட்டிலிருந்து சூரியனின் தொலைவைப் பெறலாம் என்று எட்மண்ட் ஹாலி 1716-இல் விளக்கியிருந்தார். இடைநகர்வு முழுவதையும் காண வேண்டியதில்லை, தொடக்கத்தையோ முடிவையோ மட்டும் துல்லியமாகப் பதிந்து, அவ்விடத்தின் தீர்க்கரேகையையும் அறிந்திருந்தாலே போதும் என்று தெலில் அம்முறையைத் திருத்தி, எந்தெந்த இடங்கள் பயன்தரும் என்பதைக் காட்டும் உலகப்படம் ஒன்றையும் வெளியிட்டார்.

இந்நிகழ்ச்சி எட்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்து, பின்னர் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிகழாதிருப்பது இயல்பு. 1761 ஜூன் 6, 1769 ஜூன் 3 ஆகிய இரு நாள்களையும் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு 1874-இல்தான் வரும் என்பதால், ஐரோப்பிய அறிவியல் கழகங்கள் போர்க்காலத்திலும் பொருளையும் ஆளையும் செலவிடத் துணிந்தன. பிரெஞ்சுக் கழகத்தின் சார்பில் ஷாப் சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகருக்கும், பாங்க்ரே இந்துமாக்கடலின் ரொட்ரீக்ஸ் தீவுக்கும், லெ ஜான்தி புதுச்சேரிக்கும் செல்வதென முடிவாயிற்று. புதுச்சேரியில் 1761-ஆம் ஆண்டின் இடைநகர்வு காலை ஏழு மணி அளவில் தொடங்கிப் பிற்பகலில் முடியும் என்பதால், தொடக்கத்தையும் முடிவையும் ஒரே இடத்திலிருந்து காண முடியும். அங்கே பிரெஞ்சு வணிகக் கழகத்தின் கோட்டையும் ஆட்சியும் இருந்தமை மற்றொரு வசதி.

போருக்கு நடுவே ஒரு கடற்பயணம்

லெ ஜான்தி 1760 மார்ச் 26 அன்று பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, ஜூலை 10 அன்று, இன்று மொரிசியஸ் எனப்படும் ஈல் தெ பிரான்ஸ் தீவை அடைந்தார். பிரான்சும் இங்கிலாந்தும் 1756 முதல் ஏழாண்டுப் போரில் ஈடுபட்டிருந்தமையால், அங்கிருந்து சோழமண்டலக் கரைக்குக் கப்பல் கிடைப்பது அரிதாயிருந்தது. சீதபேதியால் நலிந்து பல மாதங்கள் காத்திருந்த அவருக்கு, 1761 மார்ச்சில் சில்ஃபீத் என்னும் போர்க்கப்பலில் இடம் கிடைத்தது. எதிர்க்காற்றில் சிக்கிப் பல வாரங்கள் திசைதப்பி அலைந்த அக்கப்பல், மே 24 அன்று மலபார்க் கரையில் மாஹேயை நெருங்கியபோதுதான், மாஹேயும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்ட செய்தி தெரியவந்தது. கப்பல் வந்த வழியே திரும்பியது.

ஜூன் 6 அன்று வானம் தெளிவாக இருந்தது. லெ ஜான்தி கப்பல் தளத்திலிருந்தே இடைநகர்வைக் கண்டு நேரத்தையும் குறித்தார். ஆனால் தெலிலின் முறைக்கு அடிப்படையான இரண்டும் அங்கு இல்லை. ஊசலால் இயங்கும் துல்லியமான கடிகாரத்தை ஆடும் கப்பலில் நிறுத்த இயலாது. நடுக்கடலில் கப்பல் நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையைத் துல்லியமாக அறியும் வழியும் அன்று பரவலாக இல்லை. ஆகவே, கண்ணால் கண்ட நிகழ்ச்சியைக் கணக்கில் சேர்க்க முடியாமற் போயிற்று.

எட்டாண்டுகளில் மீண்டும் நிகழவிருந்த இடைநகர்வுக்காகக் கீழைக் கடலிலேயே தங்குவதென அவர் முடிவு செய்தார். இதனைக் காத்திருப்பு என்பதைவிடக் களப்பணி என்பதே பொருந்தும். மடகாஸ்கர் தீவின் கிழக்குக் கரையை அளந்து படம் வரைந்தார். பருவக்காற்றுகளின் போக்கையும் ஓதங்களையும் குறித்தார். தாவரம், விலங்கு, மக்கள் வழக்கம் ஆகியவற்றைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்தார். அக்காலக் கப்பல் தலைவர்களுக்குக் காற்றின் காலமும் திசையும் உயிர்நாடியான செய்திகள் என்பதால், அக்குறிப்புகள் நடைமுறைப் பயன் கொண்டவையாக இருந்தன.

மணிலாவிலிருந்து புதுச்சேரிக்கு

1769-ஆம் ஆண்டின் இடைநகர்வுக்குப் பொருத்தமான இடம் எது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்த லெ ஜான்தி, பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைநகரான மணிலாவைத் தேர்ந்து, 1766 ஆகஸ்டில் ஸ்பானியக் கப்பல் ஒன்றில் அங்குச் சென்று சேர்ந்தார். ஆனால் ஸ்பானிய ஆளுநர் அவருடைய ஆவணங்களை நம்பாமல் ஐயுற்றார். பாரிசிலிருந்து வந்த கடிதமும் புதுச்சேரிக்குச் செல்வதே நன்று என்றது. 1763-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையால் புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பியிருந்தது. 1768 மார்ச் 27 அன்று அவர் அங்கு வந்து இறங்கியபோது, ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிச் சென்ற நகரத்தை ஆளுநர் ஜான் லா மீண்டும் எழுப்பிக்கொண்டிருந்தார்.

இடிந்த கோட்டையின் எஞ்சிய பகுதி ஒன்றின் மீது வானாய்வகம் கட்டித் தரப்பட்டது. அதன் கீழறையில் வெடிமருந்து சேமித்து வைக்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எதிரிகளாயிருந்த சென்னை ஆங்கிலேயர், மூன்றடி நீளமுள்ள நல்ல தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பி உதவினர். ஓராண்டுக்கும் மேலாகக் கிடைத்த அவகாசத்தில் அவர் புதுச்சேரியின் தீர்க்கரேகையைத் துல்லியமாக வரையறுத்தார். வெப்பநாட்டுக் காற்றில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதையும் அளந்தார்.

இம்முறை இடைநகர்வின் பெரும்பகுதி புதுச்சேரியில் இரவில் நிகழும். கதிரவன் உதிக்கும்போது வெள்ளி ஏற்கெனவே சூரிய வட்டத்துக்குள் இருந்து, காலை ஏழு மணியை ஒட்டி வெளியேறும். அந்த வெளியேற்றத்தைப் பதிந்தாலே போதும். மே மாதம் முழுவதும் காலை வானம் தெளிவாகவே இருந்தது. ஜூன் 3 மாலையில்கூட வியாழனின் துணைக்கோள்களை ஆளுநருடன் சேர்ந்து நோக்க முடிந்தது. அன்றிரவு மேகம் திரண்டது. விடியலில் பெருங்காற்று வீசியது. வெள்ளி வெளியேறி முடிந்த பின்னரே சூரியன் தெளிவாகத் தென்பட்டது. அதே காலையில் மணிலாவில் வானம் தெளிவாக இருந்தது என்ற செய்தி பின்னர் வந்தது. இரு வாரங்களுக்கும் மேலாக நாட்குறிப்பைத் தொடர மனமின்றிச் சோர்ந்து கிடந்ததை லெ ஜான்தியே தம் நூலில் ஒப்புக்கொள்கிறார்.

சோழியும் வாக்கியமும்

புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில், உள்ளூர்க் கணிதர்கள் கிரகணங்களை முன்கூட்டியே சொல்வதைக் கண்ட லெ ஜான்தி, அம்முறையைத் தமக்குக் கற்பிக்கும்படி தமிழர் ஒருவரை வேண்டிப் பாடம் கேட்டார். எழுதுகோலோ தாளோ இன்றி, தரையிலோ பலகையிலோ சோழிகளைப் பரப்பி நகர்த்தியே நீண்ட கணக்குகளை அவர்கள் விரைவாக முடித்தது அவரை வியக்கச் செய்தது. அதே வேளையில், சோழி நகர்ந்துவிட்டால் முந்தைய படி அழிந்துவிடுவதால், பிழை நேர்ந்தால் திரும்பிச் சென்று சரிபார்க்க இயலாது என்ற குறையையும் அவர் சுட்டிக்காட்டினார்.

அம்முறையின் உட்கூறு இன்றும் அச்சாகிவரும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படையாகும். சந்திரன் ஒரே வேகத்தில் செல்வதில்லை. புவிக்கு அருகில் வரும்போது விரைந்தும் விலகும்போது தளர்ந்தும் செல்லும் அதன் வேகச்சுழற்சி, ஏறத்தாழ 27.55 நாள்களுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. இத்தகைய ஒன்பது சுழற்சிகள் சேர்ந்தால் ஏறக்குறைய 248 முழு நாள்கள் ஆகின்றன. ஆகவே 248 நாள்களுக்குச் சந்திரனின் நிலையை ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால், அதே வரிசையை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். அந்த 248 எண்களையும் மனப்பாடம் செய்வதற்காக, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்மதிப்புத் தரும் கடபயாதி என்னும் முறைப்படி, பொருளுள்ள சிறு தொடர்களாக அவை அமைக்கப்பட்டன. இத்தொடர்களே வாக்கியங்கள் எனப்படுகின்றன. 248 நாள் கணக்கில் எஞ்சும் சிறு பிழை பெருகாதிருக்க, 110 சுழற்சிகளுக்குரிய 3031 நாள், 449 சுழற்சிகளுக்குரிய 12372 நாள் ஆகிய பெருஞ்சுற்றுகளும் கையாளப்பட்டன. கலியுகத் தொடக்கமான கி.மு. 3102 முதல் கழிந்த நாள்களின் எண்ணிக்கையிலிருந்து 16,00,984-ஐக் கழித்து, எஞ்சியதை இச்சுற்றுகளால் முறையே வகுத்து, கடைசியில் மிஞ்சும் எண்ணுக்குரிய வாக்கியத்தை எடுத்துக்கொள்வதே முறை. கழிக்கப்படும் அந்த எண் கி.பி. 1282-ஐ ஒட்டிய நாளைக் குறிப்பதால், வழக்கிலிருந்த கணக்கு பதின்மூன்றாம் நூற்றாண்டில் செப்பம் செய்யப்பட்டது என்று அறியலாம்.

1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை இம்முறைப்படி கணித்தபோது, உண்மை அளவைவிட 41 வினாடி குறைவாக வந்தது; ஜெர்மானியர் தொபியாஸ் மேயரின் புகழ்பெற்ற சந்திர அட்டவணைப்படி கணித்தபோது 68 வினாடி மிகையாக வந்தது. ஒரு கிரகணத்தின் ஓர் அளவை மட்டும் கொண்டு ஒரு முறை மற்றொன்றினும் உயர்ந்தது என்று முடிவு கட்ட இயலாது. 1825-இல் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கொண்டு இதேபோலச் சோழிகளால் கணித்துப் பார்த்த கிரகணத்தில், தொடக்க நேரம் சில நிமிடங்களுக்குள் பொருந்தியபோதிலும் முடிவு நேரம் வெகுவாக விலகிற்று. எனினும், தொலைநோக்கியும் புதிய கோட்பாடும் இல்லாமல் சோழிகளைக் கொண்டே இத்துணை நெருக்கம் எட்டப்பட்டது என்பது ஐரோப்பிய அறிஞர்களின் கவனத்தை ஈர்க்கப் போதுமானதாயிருந்தது.

லெ ஜான்தியின் ஆர்வம் வானியலோடு நிற்கவில்லை. கோயில்களின் அமைப்பையும் மக்களின் வழக்கங்களையும் பதிந்த அவர், அரியாங்குப்பத்தை அடுத்த வீராம்பட்டினத்துக்கு அருகில் கிடந்த கருங்கல் சிலை ஒன்றைக் கண்டு, அது புத்தரின் உருவம் என்று எழுதினார். அவ்விடத்தை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, ரோம நாட்டோடு நிகழ்ந்த பண்டை வணிகத்துக்குச் சான்றுகளைத் தந்தது.

திரும்பிய பின்

1770 மார்ச் 1 அன்று புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட அவருக்கு நாடு திரும்புவதும் எளிதாகவில்லை. ஈல் தெ பிரான்சிலிருந்து ஏறிய முதற்கப்பல் புயலில் சிதைந்து அத்தீவுக்கே திரும்பியது. பின்னர் ஸ்பானியப் போர்க்கப்பல் ஒன்றில் காடிஸ் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து தரைவழியே பிரனீஸ் மலையைக் கடந்து 1771 அக்டோபர் 8 அன்று பிரான்சுக்குள் நுழைந்தார். அவர் அனுப்பிய கடிதங்கள் போரிலும் கடலிலும் தொலைந்துபோனமையால், ஊரில் அவர் மாண்டார் என்ற பேச்சு நிலைத்திருந்தது. சொத்துக்காக வழக்காட வேண்டியிருந்தது. கழகத்திலும் அவருக்குரிய இடம் மாற்றப்பட்டிருந்தது. அரசரின் தலையீட்டால் அவ்விடம் மீண்டும் கிடைத்தது. அவருடைய மனைவி மறுமணம் செய்துகொண்டதாகச் சில நூல்களில் காணப்படும் செய்திக்கு இடமில்லை. திரும்பிவந்த பின்னரே அவர் மணம் புரிந்தார். மனைவியோடும் மகளோடும் பாரிஸ் வானாய்வகத்திலேயே குடியிருந்து, இந்தியக் கடல்களில் மேற்கொண்ட பயணத்தைப் பற்றிய இரு பெருந்தொகுதிகளை 1779-இலும் 1781-இலும் வெளியிட்டார். முடியாட்சி வீழ்ந்து குடியரசு அறிவிக்கப்பட்ட சில வாரங்களில், 1792 அக்டோபர் 22 அன்று, அவர் பாரிசில் காலமானார்.

தோல்வியும் பயனும்

புறப்பட்ட நோக்கத்தை மட்டும் வைத்து மதிப்பிட்டால் லெ ஜான்தியின் பயணம் பயனற்றது. ஆனால் உலகெங்கும் பல இடங்களுக்கு ஆள் அனுப்பப்பட்டதற்குக் காரணமே, சில இடங்களில் மேகம் மறைக்கும், சிலர் சென்று சேரமாட்டார்கள் என்று திட்டமிட்டோர் அறிந்திருந்ததுதான். 1769-ஆம் ஆண்டின் ஏனைய பதிவுகளைக் கொண்டு பிரெஞ்சு வானியலாளர் லாலாந்த் 1771-இல் சூரியனின் தொலைவை ஏறத்தாழ 15.3 கோடி கிலோமீட்டர் எனக் கணக்கிட்டார். இன்றைய அளவு 14.96 கோடி. புதுச்சேரிப் பதிவு இல்லாமலே அவ்விடை கிடைத்தது. வெள்ளியைக் காண மற்றவர்கள் இருந்தனர். இடைநகர்வுக்காகச் சென்றோருள் சோழிக் கணக்கைக் கற்ற வானியலாளர் அவர் ஒருவரே.

அவர் கொண்டுவந்த செய்திகளை அடிப்படையாகக் கொண்டு, அவருடைய சக வானியலாளர் பாயி 1787-இல் இந்திய வானியல் குறித்துத் தனிநூல் எழுதினார். கி.மு. 3102-இலேயே இந்தியர் நேரில் நோக்கிய பதிவுகள் இந்திய வானியலில் உள்ளன என்ற பாயியின் கருத்தைக் கணிதவியலாளர் லாப்லாஸ் மறுத்தார். பின்வந்த ஆய்வுகளும் அதனை ஏற்கவில்லை. ஆனால் கோட்பாடு வீழ்ந்தபோதும் லெ ஜான்தி பதிந்த எண்கள் வீழவில்லை. 1952-இல் கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபாவர், அவ்வெண்களையும் வாரனின் பதிவையும் ஒருசேர ஆராய்ந்து, 248 நாள் சந்திரச் சுற்று பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும் எகிப்தில் கிடைத்த கிரேக்கத் தாள்களிலும் இடம்பெறுவதைக் காட்டினார். பண்டை உலகின் வானியல் அறிவு நாடு விட்டு நாடு சென்ற வழியை ஆராய்வோருக்கு, புதுச்சேரியில் சோழி நகர்த்திய கணிதரின் முறை இவ்வாறு வலுவான சான்றாயிற்று. முன்பின் அறியாத அம்முறையை இழிவாக எண்ணாமல், ஒவ்வொரு படியையும் எண்ணோடு குறித்து வைத்த லெ ஜான்தியின் ஒழுங்கே அச்சான்று பிழைத்திருப்பதற்குக் காரணம்.